ஹாலுக்கு நடுவில் ஒரு படிக்கட்டு

எங்கள் வீட்டுக்கு மாடி வருவதற்கு முன்பே மாடிப்படி வந்துவிட்டது. அதுவும் வெளியே இல்லை, ஹாலுக்கு நடுவில்.

எங்கள் ஊர் வடக்குப்பட்டில் அதுவரை படி என்றால் வீட்டுக்கு வெளியே, பக்கச் சுவரை ஒட்டி இருக்கும். வடகம் காயவைக்கவும், டேங்க் ரொம்பிவிட்டதா என்று பார்க்கவும் ஏறுவார்கள். அம்மா அந்த மாதிரி வேண்டவே வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள்.

"வூடுன்னா ஹால்ல படி இருக்கணும் மேஸ்திரி. மேல நின்னுகினு கீழ கீறவங்கள பாத்துப் பேசணும். டிவில பாக்கறதில்ல நீ?"

மேஸ்திரி சிரிக்கவில்லை. ஒரகடத்தைச் சுற்றி கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்த வேறு சிலரும் அவரிடம் அதையே கேட்டிருந்தார்கள். "நேரா வரணுமா, வளைஞ்சு வரணுமா?" என்று மட்டும் கேட்டார்.

"வளைஞ்சுதான்."

வளைந்த படி பாதி ஹாலைத் தின்றுவிட்டது. மிச்சப் பாதியில் சோபாவையும் டிவியையும் போட்டபிறகு நாலு பேர் கால் நீட்டி உட்கார முடியாது. படி முடிந்த இடத்தில் கையிருப்பும் முடிந்தது. மேலே அறை இல்லை. மொட்டைத் தளத்தில் தூண் கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நின்றன. மழைத்தண்ணி படி வழியாக ஹாலுக்குள் இறங்காமல் இருக்க நைனா ஒரு ப்ளைவுட் கதவு போட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கதவு அசிங்கமாக இருக்கிறது என்று அம்மா ஸ்ரீபெரும்புதூர் போய் மெரூன் கலரில் கர்ட்டன் வாங்கிவந்து மறைத்தாள். கீழே இருந்து பார்த்தால் அந்தக் கர்ட்டனுக்குப் பின்னால் பெரிய மாடி ஒன்று இருக்கிற மாதிரியே இருக்கும்.

நிலம் எப்படிப் போனது, என்ன விலைக்குப் போனது என்பதையெல்லாம் எழுத மாட்டேன். எல்லாருக்கும் போன மாதிரிதான் போனது. நைனா ஒரு வேன் வாங்கி கம்பெனி ஸ்டாஃபை ஏற்றி இறக்கினார். அம்மாவுக்குக் களை எடுக்கவும் நாற்று நடவும் இடமில்லை. கொல்லைக்கு, அதாவது வயலுக்கு, போகிற வேலை நின்றதும் பகல் முழுக்க அவள் கையில் காலியாக விழுந்தது. அதில் சீரியலை ஊற்றி நிரப்பினாள்.

அம்மாவைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? சீரியல் எடுக்கிறவர்களைத்தான் சொல்ல வேண்டும். பணக்காரர் ஒருத்தர் வருகிறார் என்றால் முதலில் ஷூ வரும். கேமரா தரையில் கிடக்கும். ஷூ, பேன்ட், வாட்ச், கடைசியில்தான் முகம். காலடியிலிருந்து பார்க்கிறோம், அதனால் ஆள் பனைமரம் மாதிரி நிற்பார். ஏழையை மேலே இருந்து காட்டுவார்கள். தலை பெரிசாக, கால் குச்சியாக, யாரோ அமுக்கிவிட்ட மாதிரி இருப்பான். காபி கொண்டுவருகிற வேலைக்காரிக்கு முகமே கிடையாது. தட்டும் ரெண்டு கையும் வரும், போகும். பணக்கார வீட்டில் மூலையில்கூட நிழல் விழாது, அப்படி லைட் போட்டிருப்பார்கள். ஏழை வீட்டுக்கு ஒரே பல்பு, பாதி முகம் இருட்டில் இருக்கும். ஏழைப் பெண்ணாக நடிக்கிறவள் நல்ல சிவப்பாக இருப்பாள். அவளுக்கு மாநிறத்தில் பவுடர் பூசிவிடுவார்கள். எங்கள் நிறத்தில் பிறந்த ஒருத்தியைக் கூட்டிவந்து நிறுத்தினால் என்ன கேடு என்று நான் பல தடவை டிவியைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன்.

பேச்சும் அப்படித்தான். கதாநாயகி எவ்வளவு ஏழையாக இருந்தாலும் 'என்ன' என்றுதான் சொல்வாள். 'இன்னா' என்று ஒருத்தி வாயைத் திறந்தால் அவள் ரவுடியின் பெண்டாட்டி, இல்லாவிட்டால் சிரிப்பு மூட்ட வந்தவள். அவள் வரும்போது டொய்ங் டொய்ங் என்று ஒரு சத்தம் போடுவார்கள். நல்ல குடும்பம் வந்தால் புல்லாங்குழல்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தினமும் பார்த்தால் தெரியாமல் இருக்குமா? அம்மாவும் தினமும் பார்த்தாள். நான் எரிச்சலோடு பார்த்தேன், அவள் பாடமாகப் பார்த்தாள். அடுப்படியில் பட்டுப்புடவை கட்ட ஆரம்பித்தாள். யாராவது வந்தால் மூணாவது படியில் ஏறி நின்று "வாங்க" என்பாள். நைனா சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்.

"இன்னாமே, சாமி வந்துச்சா? எறங்கி வந்து கொழம்ப ஊத்து."

அந்தச் சண்டையில் எனக்கும் அக்காவுக்கும் சிரிப்பு வரும். சிரித்த காலம்தான் அது.

லோக்கல் என்கிற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு அப்போது ஒரே அர்த்தம்தான். உள்ளூர்க்காரன். டீக்கடையில் ரெண்டு பேர் முறைத்துக்கொண்டால், "வுடு, லோக்கல் ஆளு" என்று யாராவது சொல்வார்கள், எதிராளி அடங்கிவிடுவான். அதில் ஒரு கெத்து இருந்தது.

அது எல்லா இடத்திலும் கெத்து இல்லை என்று ஒரு கம்பெனியில் வேலை கேட்டுப் போனபோது தெரிந்தது. என் பேப்பரைப் பார்த்தவர் தலையைத் தூக்கினார்.

"வடக்குப்பட்டா? லோக்கலா நீ?"

"ஆமா சார். பஸ்ஸே வேணாம், நடந்தே வந்துடுவேன்."

அவர் என் பேப்பரை எடுத்து அடுக்கின் அடியில் வைத்தார். எனக்குப் பின்னால் நின்ற தென்காசிப் பெண்ணை உள்ளே அனுப்பினார். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, அவளும் பாவம், ஹாஸ்டலில் பத்துப் பேரோடு ஒரு அறையில் கிடப்பவள். பிற்பாடு ஒரு கான்ட்ராக்டர் எனக்கு விளக்கம் சொன்னார். "லோக்கல் ஆளுன்னா ஊர்ல திருவிழான்னு லீவு போடுவான். ஏதானா ஒண்ணுன்னா நாலு பேர சேத்துகினு கம்பெனி கேட்டாண்ட வந்து நிப்பான். வெளியூரு புள்ளைங்கன்னா வாயத் தொறக்காதுங்க." அந்த கான்ட்ராக்டர் வழியாகத்தான் நானும் அக்காவும் கார் சீட் கவர் தைக்கிற வேறொரு கம்பெனிக்குப் போனோம். அங்கே கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஊதாத் தொப்பி, பர்மனென்ட் ஆட்களுக்கு வெள்ளைத் தொப்பி. சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க மாட்டார், தொப்பியைப் பார்ப்பார். வெள்ளை என்றால் "என்னங்க, நூல் சிக்குதா?" ஊதா என்றால் "ஏய், இன்னா பண்ணினுகீற?" ஒரே வாய்தான். சீரியலில் ஆளுக்குத் தகுந்த மாதிரி மியூசிக்கை மாற்றுவார்களே, அந்த மாதிரி.

அக்காவுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். அதிகம் பேச மாட்டாள். லைனில் அவள் தைத்த கவர் திரும்பி வந்ததே இல்லை. தாம்பரத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை ஆபீஸ் வேலை, அவருடைய அப்பா ரிட்டயர் ஆனவர், அம்மா வீட்டில் இருக்கிறவர். காரில் வந்து இறங்கினார்கள். எங்கள் தெருவில் சாக்கடைக்கு மேல் போட்டிருந்த கல்லை மாப்பிள்ளையின் அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினார். முகம் கொஞ்சம் கோணியது. உள்ளே வந்து படியைப் பார்த்ததும் நேரானது.

"மேலயும் ரூம் இருக்கா?" என்று கேட்டார்.

அம்மா மூணாவது படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். "மேல ரெண்டு ரூமு கீதுங்க. ஏசி வேல நடக்குது, அதான் பூட்டிகீறோம்."

நைனா இருமினார். அக்கா தட்டில் இருந்த பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது சொன்னதுதான், அந்த இடத்தில் யார் எழுந்து நின்று இல்லை என்பது?

சம்மதம் என்றார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை அக்காவுக்கு போன் பண்ண ஆரம்பித்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் ஷிஃப்ட்டுக்குப் போறதும் போகாததும் உன் இஷ்டம்" என்றாராம். அதை அக்கா என்னிடம் ரெண்டு தடவை சொன்னாள், முதல் தடவை சொன்னதை மறந்துவிட்டவள் மாதிரி. போன் பேசுவதற்கு அவள் படியின் உச்சிக்குப் போய் கர்ட்டனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். அங்கே இருந்து அவள் குரல் வரும். வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கும்.

"என்ன சாப்பிட்டீங்க? வீட்டுக்கு வந்துட்டீங்களா?"

கீழே நின்று நான் கத்துவேன். "இன்னாக்கா, 'வூட்டுக்கு' எங்க போச்சு?"

கர்ட்டனை விலக்கி செருப்பை விட்டெறிவாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் பல் தெரியச் சிரித்ததை அந்த ரெண்டு மாசத்தில்தான் அதிகம் பார்த்தேன். அவளுக்கு அந்த ஆள் வேண்டும். எங்களுக்கும் வேண்டும், அவளுக்காக. வேறு எந்த வரனையும் அவள் இப்படிக் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து மணிமங்கலம் ஏரிப் பக்கம் ஒரு சீரியலுக்கு ஷூட்டிங் நடந்தது. அதன் மேனேஜர் வீடு தேடிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். தெருவில் நின்று வாசல் வழியாகவே எங்கள் படியைப் பார்த்துவிட்டார். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். கர்ட்டனை விலக்கி, ப்ளைவுட் கதவைத் தள்ளி, கம்பிகளைப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"அருமையான வீடும்மா. இப்படி ஒண்ணத்தான் தேடிட்டு இருந்தோம்."

 அம்மா வாடகையைக்கூடக் கேட்கவில்லை. நைனாதான் கேட்டார்.

ஷூட்டிங் அன்று நான் லீவு போட்டேன். காலையிலேயே ஜெனரேட்டர் வண்டி வந்து தெருவை அடைத்துக்கொண்டது. நல்ல பொருளையெல்லாம் அவர்களே தூக்கிப் பின்கட்டில் வைத்தார்கள். பிளாஸ்டிக் பூ, ஜரிகை போட்ட சோபா உறை, பெரிய பெரிய பொம்மை என்று வண்டியிலிருந்து இறக்கி ஹால் முழுக்க வைத்தார்கள். அம்மா நிச்சயதார்த்தத்துக்கு வாங்கி வைத்திருந்த கிளிப்பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உடைகளைக் கவனிக்கிற பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"அக்கா, இந்தப் புடவையைக் கொஞ்சம் தர்றீங்களா? இன்னிக்கு ஒரு நாள். இந்த வீட்டம்மாவா நடிக்கிறவங்களுக்கு அப்படியே பொருந்தும்."

அம்மா உள்ளே போய் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு நைட்டியோடு வந்து நின்றாள். அவளுடைய புடவை, வீட்டம்மாவாக நடிக்கிறவள் மேல். அதைவிட என்ன வேண்டும் அவளுக்கு? வசனம் எழுதுகிற ஒரு பையன் அம்மாவிடமே பேச்சுக் கொடுத்து, அவள் சொல்வதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருந்தான். "காபித் தண்ணி குடிக்கிறியா கண்ணு?" என்று அவள் கேட்டதும், "சூப்பர்ம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான். அவளும் சொன்னாள்.

பணக்காரராக நடித்தவரைப் பார்த்தேன். வயசானவர், ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கோட்டு, ஷூ எல்லாம் ஷூட்டிங் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஷூவின் பின்பக்கம் பிய்ந்திருந்தது. கேமரா முன்னால் இருந்து எடுத்தது. அவர் வாசலில் நுழையும்போது தரையோடு தரையாக கேமராவை வைத்தார்கள். எனக்குத் தெரிந்த வித்தைதான். பிறகு அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் படியின் உச்சிக்குப் போனார்கள். அங்கே இருந்து கீழே குனிந்து, அம்மாவின் புடவை கட்டினவளையும் அவள் புருஷனாக நடித்தவரையும் எடுத்தார்கள். ஏழையைக் காட்டுகிற கோணம் அது.

கேமராமேன் மேலே பார்த்துவிட்டு, "அந்த கர்ட்டனை எடுங்கப்பா. கதவையும் தொறந்து விடு. கம்பி தெரியட்டும்" என்றார்.

நைனா முன்னால் போனார். "சார், அது வேணாம் சார். அது மட்டும் மூடிகினு எடுங்க."

"பெரியவரே, ஃபீல்டுல நிக்கறீங்க, நகருங்க." ஃபீல்டு என்றால் கேமராவுக்குள் தெரிகிற இடம். நைனா நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

உதவி டைரக்டர் ஒருவர் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன். "அண்ணா, இது பணக்கார வூடா, ஏழை வூடா?"

"ரெண்டும் இல்ல தங்கச்சி. லோக்கல் வீடு."

"அப்டீன்னா?"

"காசு இருக்கும். ஆனா லோக்கல்." அவர் கெட்டவர் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். எங்கள் வீட்டு டீக்கு நன்றிகூட சொன்னார்.

நான் நேராக அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "யம்மா, நம்ம வூட்ட லோக்கல் வூடுன்னு எடுக்கறாங்க. கர்ட்டன வேற எடுத்துட்டாங்க. போதும், நிறுத்தச் சொல்லு."

அம்மா என்னைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தாள். "இன்னாடீ பேசற? லோக்கல்னா உள்ளூரு. நாம உள்ளூருதானே? பட்டணத்துல இல்லாத வூடா? உள்ளூர்ல நல்ல வூடு வேணும்னு நம்ம வூட்டப் புடிச்சுகீறாங்க."

"மேல கம்பி தெரியும்."

"அவ்ளோ தூரத்துல எவனுக்குத் தெரியப்போவுது?"

உள்ளூர்க்காரன் என்றால் கடைக்காரன் ஒரு பிடி கூடப் போடுவான். பஞ்சாயத்தில் உள்ளூர்க்காரன் பேச்சுதான் முதலில். தலைமுறை தலைமுறையாக அந்தச் சொல்லோடு வாழ்ந்த ஊர் அது. சொல்லை இங்கிலீஷில் மாற்றிக்கொண்டோம், அர்த்தம் எங்களோடதுதான் என்று நினைத்துக்கொண்டோம். அதற்குள் வெளியே இருந்தவர்கள் அதற்கு வேறு அர்த்தம் வைத்து, அதைக் கொண்டே எங்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, அதைக் கொண்டே எங்கள் ஹாலில் லைட்டும் போட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

ஒளிபரப்பாகிற நாள் தெரிந்ததும் அவளே தாம்பரத்துக்கு போன் போட்டாள். "சம்மந்தி, சீரியல்ல நம்ம வூடு வருது. வூட்ல எல்லாரையும் பாக்கச் சொல்லுங்க." நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனைப் பிடுங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் தெருவே எங்கள் ஹாலில் இருந்தது. இடம் பத்தாமல் படி முழுக்க ஜனம் உட்கார்ந்திருந்தது. அக்கா டிவிக்கு நேராக உட்கார்ந்து மடியில் போனை வைத்திருந்தாள். தாம்பரத்தில் மாப்பிள்ளையும் பார்க்கிறார், பார்த்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

ஷூ வந்தது. எங்கள் வாசற்படியில் ஷூ ஏறியது. எல்லாரும் கைதட்டினார்கள். பணக்காரர் உள்ளே வந்தார். கைக்குட்டையை எடுத்து எங்கள் சோபாவைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கதையில் இந்த வீட்டுக்காரன் நிலத் தரகன். தன் பையனுக்குப் பணக்காரர் பெண்ணைக் கேட்கிறான். கிளிப்பச்சைப் புடவையில் அவன் பெண்டாட்டி வந்தாள்.

"இன்னா சார், காபித் தண்ணி குடிக்கிறியா?"

டொய்ங் டொய்ங்.

ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் பேச்சு, அவள் புடவை, அவள் வீடு. ஆனாலும் சிரித்தாள். அந்தச் சத்தம் வந்தால் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குப் பழக்கிவிட்டிருந்தார்கள். இன்றைக்கும் எனக்குத் தாங்க முடியாதது அந்தச் சிரிப்புதான்.

பணக்காரர் காபியைத் தொடாமல் தலையைத் தூக்கினார். அவர் பார்வையோடு கேமராவும் படியில் ஏறியது. மெதுவாக, ஒவ்வொரு படியாக. உச்சியில் கதவு திறந்து கிடந்தது. துருப்பிடித்த கம்பி, அதற்குப் பின்னால் வானம். மேலே எதுவுமே இல்லை என்பதை மூணு தடவை திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். திரும்ப டொய்ங் டொய்ங். பணக்காரர் ஒரு பக்கமாக உதட்டைச் சுழித்தார்.

இந்தத் தடவை ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும், "நல்லா கலரா வந்துகீதுமே" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்காவின் போன் அன்றைக்கு அடிக்கவில்லை.

மறுநாள் லைனில் தென்காசிப் பையன் ஒருத்தன், கல்யாண விஷயம் ஏதும் தெரியாதவன், எங்கள் பின்னால் வந்து, "யக்கா, ஒங்க வீட்டு மாடியில மழ பெஞ்சா கொட புடிச்சுட்டுத் தூங்குவியளோ?" என்றான். சுற்றி இருந்த ஊதாத் தொப்பிகள் எல்லாம் சிரித்தன. அவனும் கான்ட்ராக்ட், நாங்களும் கான்ட்ராக்ட். அக்கா மெஷினை நிறுத்தவில்லை. அன்று அவள் தைத்த கவரில் ரெண்டு திரும்பி வந்தது.

தாம்பரத்திலிருந்து ஆள் வந்து எதுவும் சொல்லவில்லை. கல்யாணத் தரகர்தான் வந்தார். "மாடி விஷயத்தப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லல. ஜாதகத்த இன்னொரு எடத்துல பாத்தாங்களாம், பொருந்தலையாம்." நைனா தலையை ஆட்டினார். அம்மா, "பொறாமையில எவளோ கலைச்சுட்டா" என்றாள். அந்த வார்த்தையும் சீரியலில் இருந்து எடுத்ததுதான்.

அக்கா அவளாகவே ஒரு நாள் மாப்பிள்ளைக்கு போன் பண்ணினாள். படியின் உச்சிக்குப் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து பண்ணினாள், ஸ்பீக்கரில் போட்டாள். அவர் எடுத்தார்.  அவராகவே சொன்னார்.

"மாடி இல்லங்கறதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்ல. அன்னிக்கு வீட்ல எல்லாரும் உக்காந்து பாத்தோம். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சுட்டேன். இனிமே அவங்க உன்ன எப்படிப் பாப்பாங்க சொல்லு?"

பொய் சொன்னோம் என்று திட்டியிருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்போம். சிரித்துவிட்டார்கள் என்றால் யார் காலில் போய் விழுவது? அக்கா, "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தச் 'சரிங்க' தான் அவள் கடைசியாகப் பேசின தாம்பரத்துப் பேச்சு.

அதற்குப் பிறகு வந்த வரன்களுக்கு அவள் வெளியே வந்து நிற்கவே மறுத்துவிட்டாள். அம்மா அழுதாள், நைனா கெஞ்சினார், நான் சண்டை போட்டேன். "எவனோ வந்து மேலயும் கீழயும் பாப்பான். எனக்கு வேணாம்" என்றாள். வயசு முப்பதைத் தாண்டியது. வரனும் நின்றுபோனது.

நைனா கடன் வாங்கி மேலே ரெண்டு அறை கட்டினார், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு. தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டார். பெண்கள் இருக்கிற ஹால் வழியாக அவர்கள் ஏறிப் போக முடியுமா? வெளியே பக்கச் சுவரை ஒட்டி இரும்பில் ஒரு படி வைத்தார். உள்படி முடிகிற இடத்தில் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். இப்போது எங்கள் ஹாலில் இருக்கிற படி வளைந்து வளைந்து ஏறி ஒரு சுவரில் போய் முட்டி நிற்கிறது. அக்கா அதில் துவைத்த துணியைக் காயப்போடுவாள். ஊதாத் தொப்பிகள் வரிசையாகக் காயும். எங்களை இன்னும் பர்மனென்ட் ஆக்கவில்லை.

அம்மா பார்ப்பதை விடவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து பார்ப்பாள், சோபாவில் இடுப்பு வலிக்கிறதாம். போன வாரம் ஒரு பணக்காரி படியின் மேலே நின்று கீழே நிற்கிறவளை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்த அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடைத்தாள். டிவியில் ஒரு பொம்பளை மேலே நின்று வாயை அசைத்தாள், இன்னொரு பொம்பளை கீழே நின்று கண்ணைத் துடைத்தாள். ரெண்டு பேரும் பவுடர் பூசியிருந்தார்கள். அவ்வளவுதான் தெரிந்தது. அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சத்தத்த வைடீ," என்றாள் அம்மா. "எவ நல்லவ, எவ கெட்டவன்னே தெரில."

அக்கா சத்தத்தை வைத்தாள்.